குறைமாதக் குழந்தையின் கண்: லேசரா, ஊசியா, அதற்கப்புறம் யாரிடம் காட்டுவது?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றிவிட்டது என்று கண் மருத்துவர் சொன்னால், பெற்றோருக்கு யோசிக்கக் கிடைப்பது 2 நாள், மிஞ்சிப்போனால் 3 நாள். வேகமாக முற்றும் வகை என்றால் 48 மணி நேரத்துக்குள், மற்றபடி 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை நடந்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் 'லேசர் செய்யலாமா, ஊசி போடலாமா?' என்ற கேள்வி வந்து நிற்கும். குழந்தை இன்னும் இன்குபேட்டரில் இருக்கும். அம்மாவுக்கு உடம்பு தேறியிருக்காது. கையெழுத்துக்காக நீட்டும் தாளில் பாதிச் சொற்கள் புரியாது.

அந்த நெருக்கடி வருவதற்கு முன்பே படித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசரும் நல்ல சிகிச்சை, ஊசியும் நல்ல சிகிச்சை. இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சிகிச்சை நடக்கும் அன்றைக்குத் தெரியாது, அடுத்து வரும் மாதங்களில்தான் தெரியும். அந்த மாதங்களில் எத்தனை பரிசோதனைக்கு உங்கள் குடும்பத்தால் ஒரு தடவைகூடத் தவறாமல் போக முடியும் என்பதை மனதில் வைத்து முடிவெடுங்கள்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் 16ஆவது வாரம் வாக்கில், கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து வளரத் தொடங்குகின்றன. மண்ணுக்குள் வேர் பரவுவது போல மெல்ல ஓரத்தை நோக்கி நகர்ந்து, மூக்குப் பக்க ஓரத்தை 36ஆவது வாரம் வாக்கிலும் காதுப் பக்க ஓரத்தை 40ஆவது வாரம் வாக்கிலும் எட்டுகின்றன. 26 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு இந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. கருப்பையில் கிடைத்ததைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம். அதனால் குழாய்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப் என்ற புரதம் குறைந்து வளர்ச்சி தேங்குகிறது. 32ஆவது வாரத்தை ஒட்டி நிலைமை தலைகீழாகிறது. ரத்தம் எட்டாத ஓரப் பகுதிக்கு ஆக்சிஜன் பற்றாமல் போக, அதே புரதம் அளவு மீறிச் சுரக்கிறது, தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை தழும்பாகிச் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பிரித்துவிட்டால் பார்வை போய்விடும். மருத்துவமனையில் ஆர்ஓபி என்று சொல்வது இதைத்தான்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது லேசாக வந்து தானாகவே அடங்கிவிடும். சிகிச்சை வரை போவது சிறு பகுதிதான். ஆனால் அந்தச் சிறு பகுதி யார் என்பது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் கண் சாதாரணமாகவே இருக்கும்.

'ஆக்சிஜன் வைத்ததால்தான் கண் இப்படி ஆனதா?' என்று கேட்காத பெற்றோர் குறைவு. 1942இல் டெரி என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். கட்டுப்பாடில்லாமல் கொடுத்த ஆக்சிஜன்தான் காரணம் என்று 1950களில் உறுதியானது. சரி, குறைத்துவிடலாம் என்று குறைத்தார்கள். கண் தப்பியது, ஆனால் குழந்தைகள் இறந்தார்கள், மூளை பாதிப்பு கூடியது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 85 முதல் 89 சதவீதத்தில் வைப்பதா, 91 முதல் 95 சதவீதத்தில் வைப்பதா என்று பின்னாளில் பல நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அதே கதைதான்: குறைவாக வைத்த குழந்தைகளிடம் கண் நோய் குறைந்தது, இறப்பு கூடியது. ஆக, உங்கள் குழந்தைக்கு மூச்சு கொடுத்தவர்கள் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தாய் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்ற பேச்சுக்கு இதில் அறவே இடமில்லை.

யாருக்குப் பரிசோதனை என்பதில் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். அமெரிக்காவில் 30 வாரம் அல்லது அதற்கு முன், இல்லையென்றால் 1500 கிராம் அல்லது அதற்குக் கீழ். பிரிட்டனில் 31 வாரத்துக்கு முன் அல்லது 1501 கிராமுக்குக் கீழ். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் அல்லது 2000 கிராமுக்குக் கீழ். பச்சிளங்குழந்தைப் பராமரிப்பின் தரம் இடத்துக்கு இடம் மாறும் நாடுகளில், கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் இந்த நோய் வருகிறது என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் 'எங்கள் குழந்தைக்கு இதெல்லாம் பார்க்கவே இல்லையே' என்றால், அதை வைத்து உங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் பரிசோதனை பெரும்பாலும் பிறந்து 4 வாரத்தில். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால், இந்திய வழிகாட்டுதல்படி 2, 3 வாரத்திலேயே.

நேரடிப் பரிசோதனையா, கேமராவா

இந்தத் தேர்வு பெரும்பாலும் பெற்றோர் கையில் இருக்காது. ஆனாலும் எது நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

நேரடிப் பரிசோதனையில், முன்கூட்டியே சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைப்பார்கள். வாந்தி வராமல் இருக்க அதற்கு முன் கொஞ்ச நேரம் பால் கொடுக்க மாட்டார்கள். நர்ஸ் குழந்தையைக் கை கால் அசையாமல் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு விடுவார். மரத்துப்போகும் சொட்டு விட்டபின், இமைகள் மூடாமலிருக்க விரலகலம்கூட இல்லாத ஒரு கம்பியை மாட்டுவார்கள். மருத்துவர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் லென்ஸைப் பிடித்தபடி, இன்னொரு கையில் இருக்கும் சின்னக் கருவியால் கண்விழியை மெல்லத் திருப்பி ஓரம் வரை பார்ப்பார். ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்கள். குழந்தை முகம் சிவக்க அழும். சில சமயம் இதயத் துடிப்பு இறங்கி மானிட்டர் கத்தும். அன்றைக்கு முழுக்கப் பால் சரியாகக் குடிக்காமல் இருக்கலாம். பார்க்கவே மனசு வலிக்கும், ஆனால் கண்ணின் கடைசி ஓரம் வரை பார்க்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

கேமரா முறையில், கண்ணின் மேல் ஜெல் தடவி, அகன்ற கோணத்தில் படம் பிடிக்கும் கருவியைத் தொட்டு வைத்துப் படம் எடுப்பார்கள். பயிற்சி பெற்ற டெக்னீஷியனே எடுக்கலாம், எங்கோ இருக்கும் நிபுணர் பார்த்து முடிவு சொல்லலாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2005 முதலும், கர்நாடகத்தில் 2008 முதலும் இப்படி நடக்கிறது. போன வாரத்துப் படத்தையும் இந்த வாரத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், பெற்றோருக்கும் காட்டலாம். குறை ஒன்றுதான்: கடைசி ஓரம் படத்தில் முழுசாக விழாமல் போகலாம்.

இந்த நோயைப் பார்த்துப் பழகிய மருத்துவர் முறையாக வந்துபோகும் இடமென்றால் நேரடிப் பரிசோதனைதான் மேல். அப்படி ஒருவர் கிடைக்காத ஊரில், மூச்சு நிலைப்படாத குழந்தையை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு அலைவதைவிடக் கேமரா எவ்வளவோ மேல். ஆனால் 'இனிமேல் வர வேண்டாம்' என்று சொல்வதற்கு முன்பும், சிகிச்சை என்று முடிவு செய்வதற்கு முன்பும், ஒரு தடவையாவது நேரடிப் பரிசோதனை நடக்க வேண்டும். நடந்ததா என்று தயங்காமல் கேளுங்கள்.

லேசர்

லேசர் செய்வது என்ன என்றால், ரத்தக் குழாய் எட்டாத ஓரப் பகுதியைச் சுட்டுச் செயலிழக்க வைப்பது. அளவு மீறி விஇஜிஎஃப் சுரப்பது அந்தப் பகுதியில்தான். ஊற்று அடைபட்டால் தாறுமாறான குழாய்கள் வாடிவிடும். ஒரு கண்ணில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் புள்ளிகள் வைப்பார்கள். இரண்டு கண்ணும் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். மயக்கமோ, தூக்க மருந்தோ தேவை. அண்மையில்தான் வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்த குழந்தைக்குத் திரும்பவும் தொண்டையில் குழாய் போட வேண்டி வரலாம். பெற்றோருக்கு இதுதான் மிகக் கொடுமையான பகுதி. 'இத்தனை நாள் பாடுபட்டுக் குழாயை எடுத்தோம், மறுபடியுமா' என்று உடைந்துபோவார்கள். அந்தக் கவலை வெறும் உணர்ச்சி சார்ந்தது என்று யாரும் ஒதுக்கக் கூடாது. நுரையீரல் உண்மையிலேயே பலவீனமாக இருந்தால், ஊசியைத் தேர்ந்தெடுக்க அது ஒரு நல்ல மருத்துவக் காரணம்.

லேசரின் பலன் உடனே தெரியாது. ஒரு வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். நடுவில் இடம் விட்டுப்போயிருந்தால் இன்னொரு தடவை நிரப்ப வேண்டியிருக்கும். ஆனால் ஒரு தடவை நன்றாக அடங்கிவிட்டால் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வருவது அபூர்வம். நெருக்கமான பரிசோதனைகள் சில வாரங்களிலேயே இடைவெளி விட்டு நடக்கத் தொடங்கும். லேசரின் மிகப் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான்.

இழப்பும் உண்டு. சுட்ட பகுதி திரும்ப வராது, பக்கவாட்டுப் பார்வை ஓரளவு குறுகும். கிட்டப்பார்வை அதிகமாக வரும், சில குழந்தைகளுக்கு அது பெரிய பவராகவே வரும்.

ஊசி

ஊசி, சுரந்துவிட்ட விஇஜிஎஃப் புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. கருவிழியின் விளிம்பிலிருந்து சுமார் 1 மில்லிமீட்டர் பின்னால், மிக மெல்லிய ஊசியால் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். மரத்துப்போகும் சொட்டே பெரும்பாலும் போதும், சில நிமிட வேலை. மருந்து உள்ளே போன சில நாட்களிலேயே வீங்கி முறுக்கேறிய குழாய்கள் தளர்வது தெரியும். ஓரப் பகுதி சுடப்படுவதில்லை. அதனால் நல்ல ரத்தக் குழாய்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடி வளர வாய்ப்புண்டு.

ஊசியில் போடும் மருந்துகளில் பெவாசிஜுமாப் புற்றுநோய்க்காக வந்தது. இந்த நோய்க்கென்று தனி அனுமதி இல்லாமலேயே இதற்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ரானிபிஜுமாபுக்கு 2019இல் ஐரோப்பாவில் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. அஃப்லிபர்செப்டுக்கு 2023இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது.

எண்களைப் பார்க்கலாம். மருத்துவர்கள் விழித்திரையை மூன்று வட்டமாகப் பிரிப்பார்கள். பார்வை நரம்பைச் சுற்றிய உள்வட்டம்தான் முதல் மண்டலம். நோய் அங்கே இருந்தால் மிக ஆபத்து, ஏனென்றால் குழாய்கள் அவ்வளவு தூரம்தான் வளர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். 2011இல் வெளிவந்த பீட்-ஆர்ஓபி ஆய்வில், முதல் மண்டல நோய்க்கு லேசர் செய்த பிறகு 42 சதவீதம் குழந்தைகளுக்கு நோய் திரும்ப வந்தது, பெவாசிஜுமாப் ஊசிக்குப் பிறகு 6 சதவீதம் பேருக்குத்தான். இரண்டாம் மண்டலத்தில் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2019இல் வந்த ரெயின்போ ஆய்வில் ரானிபிஜுமாப் 0.2 மில்லிகிராம் போட்ட குழந்தைகளில் 80 சதவீதம் பேருக்கும், லேசர் செய்தவர்களில் 66 சதவீதம் பேருக்கும் சிகிச்சை வெற்றி. 2 வயதில் பார்த்தபோது மைனஸ் 5 அல்லது அதற்கு மேல் கிட்டப்பார்வை ஊசிக் குழுவில் 5 சதவீதம், லேசர் குழுவில் 20 சதவீதம்.

இதை மட்டும் படித்தால் ஊசிதான் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்.

மருந்தின் வேகம் தேய்ந்துபோகும். ஓரப் பகுதி அப்படியே இருப்பதால் புரதம் திரும்பச் சுரக்கலாம், நோய் திரும்ப வரலாம். ரானிபிஜுமாப் என்றால் ஊசி போட்டு இரண்டு மாதம் வாக்கிலேயே வரும். பெவாசிஜுமாப் என்றால் கர்ப்பம் தொடங்கியதிலிருந்து எண்ணும் கணக்கில் 45 முதல் 55 வாரத்துக்குள் அதிகம் வரும். அது எந்தக் காலம் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை வீட்டுக்கு வந்தாயிற்று. எடை ஏறுகிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது. வீட்டில் எல்லாருக்கும் கண்டம் தாண்டிவிட்டது என்ற நிம்மதி. மருத்துவமனைப் பக்கமே போகப் பிடிக்காத நேரம். அந்த நேரத்தில்தான் உள்ளே நோய் சத்தமில்லாமல் திரும்பும்.

அதனால்தான் ஊசி போட்ட குழந்தையை, அதே கர்ப்பக் கணக்கில் குறைந்தது 65 வாரம் வரை விடாமல் பார்க்கச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 27 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 35 வாரத்தில் ஊசி போடுகிறார்கள் என்றால், 65ஆவது வாரம் வருவது ஊசிக்கு 30 வாரம் கழித்து. அப்போது குழந்தை பிறந்து ஏறக்குறைய 9 மாதம் ஆகியிருக்கும். முதலில் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மெல்ல இடைவெளி கூடும். 6 மாதக் குழந்தையைத் துணியில் சுற்றிப் பிடிப்பது பச்சிளங்குழந்தையைப் பிடிப்பது போல இல்லை, திமிறும். சரியாகப் பார்க்க முடியாமல் மயக்கம் கொடுத்துப் பார்க்க வேண்டி வரலாம். குழாய் வளராத பகுதி அப்போதும் மிச்சமிருந்தால் அங்கே லேசர் செய்துவிடுவதும் உண்டு. அப்படிப் பார்த்தால் சில குழந்தைகளுக்கு ஊசி என்பது லேசரைத் தள்ளிப்போடும் வழி. தள்ளிப்போடுவதிலும் பெரிய லாபம் இருக்கிறது: அதற்குள் நுரையீரல் தேறிவிடும், மயக்க மருந்தைத் தாங்கும் உடம்பு வந்துவிடும்.

இன்னொரு விஷயம், மருந்து கண்ணோடு நிற்பதில்லை, கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கிறது. நுரையீரலும் மூளையும் சிறுநீரகமும் வளரவும் விஇஜிஎஃப் தேவை. பெவாசிஜுமாப் உடம்பில் அந்தப் புரதத்தை வாரக்கணக்கில் குறைத்து வைக்கும், ரானிபிஜுமாப் சில நாட்களே. ரெயின்போ ஆய்வில் 2 வயதுவரை பார்த்ததில் ஊசிக் குழுவின் வளர்ச்சி லேசர் குழுவைவிடப் பின்தங்கவில்லை. பெவாசிஜுமாப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. பீட்-ஆர்ஓபியில் பயன்படுத்திய 0.625 மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்குகூட வேலை செய்வதாகப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. எந்த மருந்து, எவ்வளவு அளவு என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியால் கண்ணுக்குள் தொற்று வருவதும் லென்ஸில் ஊசி படுவதும் அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியவை. ஊசிக்கு மறுநாளும் அதற்கடுத்த சில நாட்களும் கண் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, உடனே காட்ட வேண்டும்.

எனக்கு எது சரியாகப் படுகிறது

முதல் மண்டலத்தில் நோய், அல்லது நாளுக்கு நாள் பாயும் வகை, அல்லது மயக்கம் தாங்காத உடம்பு என்றால் ஊசி. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இரண்டாம் மண்டலத்தில் நோய், குழந்தை ஓரளவு தேறியிருக்கிறது, வீடு தொலைவில், அப்பாவுக்கு லீவு கிடைக்காது, அடுத்த சில மாதத்தில் ஊர் மாறப்போகிறார்கள் என்றால் லேசர். கிட்டப்பார்வையைக் கண்ணாடி போட்டுச் சமாளித்துவிடலாம். தவறவிட்ட ஒரு பரிசோதனையில் விழித்திரை பிரிந்துவிட்டால் அதைச் சமாளிக்க வழி மிகக் குறைவு. அந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சை செய்தாலும், முழுதாகப் பிரிந்துவிட்ட விழித்திரையில் கிடைக்கும் பார்வை சொற்பம்.

இரண்டுமே செய்யலாம் என்று மருத்துவர் சொல்லி, உங்களால் வர முடியும் என்றால், ஊசி நல்ல தேர்வு. ஆனால் 'வர முடியும்' என்பதை வீட்டில் உட்கார்ந்து உண்மையாகப் பேசிப் பாருங்கள். மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, அம்மாவுக்கு முடியாத நாளில் யார் தூக்கிக்கொண்டு போவது என்பது வரை. 'எங்களால் இத்தனை தடவை வர முடியாது' என்று மருத்துவரிடம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அவர் முடிவெடுக்க வேண்டிய தகவல்களில் இதுவும் ஒன்று. சொல்லாமல் மறைப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று: சிகிச்சை முடிந்து குழந்தை டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்தான் பல குழந்தைகள் கைநழுவிப் போகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் எடை, மருந்து, தடுப்பூசி எல்லாம் இருக்கும். கண்ணைப் பற்றி 'கண் மருத்துவரிடம் காட்டவும்' என்று ஒற்றை வரி இருக்கும். தேதி இருக்காது, எந்த மருத்துவர் என்று இருக்காது. அடுத்த கண் பரிசோதனை எந்தத் தேதி, எந்த இடம், யார் பார்ப்பார் என்று எழுதித் தரும்வரை அந்த மேஜையை விட்டு நகராதீர்கள். ஒரு வாரம் தவறினாலே கண் கெட்டுப்போகும் நோய் இது.

அதற்கப்புறம் யாரிடம்

ஆர்ஓபி மருத்துவர் 'விழித்திரை நன்றாக இருக்கிறது, இனி வர வேண்டாம்' என்று சொன்னதும், குடும்பத்தின் காதில் 'பார்வை நன்றாக இருக்கிறது' என்று விழுகிறது. இரண்டும் வேறு. விழித்திரை சரியாக இருந்தும் மாறுகண் வரலாம், பெரிய பவர் இருக்கலாம், ஒரு கண்ணை மூளை ஒதுக்கிவிட்டு அது சோம்பேறிக் கண் ஆகலாம். ஆர்ஓபியே வராத குறைமாதக் குழந்தைகளுக்கும் இவை மற்றக் குழந்தைகளைவிட அதிகம் வருகின்றன.

தொடர்ந்து பார்க்க மூன்று வழி இருக்கிறது. முதல்வழி, அதே விழித்திரை மருத்துவரிடம் தொடர்வது. சிகிச்சை பெற்ற குழந்தைக்கு இது கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. கண்ணாடிப் பவரும் மாறுகண்ணும் அங்கே ஒவ்வொரு தடவையும் பார்க்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டாவது, குழந்தைகள் கண் மருத்துவர். பவர், இரண்டு கண்ணும் சேர்ந்து நகர்வது, பார்வையின் வளர்ச்சி என்று மொத்தமாகப் பார்ப்பவர் இவர்தான். ஒருவரைத்தான் பார்க்க முடியும் என்றால், சிகிச்சை தேவைப்படாத குழந்தைக்கு நான் இவரைத்தான் சொல்வேன். மூன்றாவது, தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை மருத்துவரே டார்ச் அடித்துப் பார்ப்பது. கண்மணியில் தெரியும் சிவப்பு ஒளியைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் குறைமாதக் குழந்தைக்கு அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மைனஸ் 6 இருக்கும் குழந்தையும் அம்மா முகத்தைப் பக்கத்தில் பார்த்து அழகாகச் சிரிக்கும். கிட்டத்தில் இருப்பதுதான் அதற்கு நன்றாகத் தெரியுமே.

வீட்டுக்கு வந்து 4 முதல் 6 மாதத்துக்குள் ஒரு பரிசோதனை, ஒரு வயது வாக்கில் ஒன்று, இரண்டரை மூன்று வயதில் ஒன்று, பள்ளியில் சேர்க்கும் முன் ஒன்று. இது சிகிச்சை இல்லாத குழந்தைக்கு. சிகிச்சை பெற்றிருந்தால் இன்னும் நெருக்கமாக.

பேசத் தெரியாத குழந்தைக்கு எப்படிப் பவர் பார்ப்பார்கள் என்று பலருக்குச் சந்தேகம். அம்மா மடியில் குழந்தை விரலைச் சூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிந்திருக்கும். பரிசோதிப்பவர் கை நீளத்தில் இருந்து ஒரு ஒளிக்கீற்றை இடமும் வலமுமாக ஆட்டுவார், கண்ணுக்குள்ளிருந்து திரும்பும் ஒளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார், நடுவில் ஒவ்வொரு லென்ஸாகப் பிடித்து அந்த ஓட்டம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார். குழந்தை ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. பார்வையை அளக்க, ஒரு பாதி சாம்பல் நிறமாகவும் மறு பாதி கோடுகளாகவும் இருக்கும் அட்டையைக் காட்டுவார்கள். கோடு தெரிந்தால் குழந்தை அந்தப் பக்கம் திரும்பும். கோடுகளை மெலிதாக்கிக்கொண்டே போய், எதுவரை திரும்புகிறது என்று பார்ப்பார்கள்.

வீட்டில் கவனிக்கும்போது திருத்திய வயதைப் பயன்படுத்துங்கள். இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால் இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் 2 மாதத்தில் முகத்தை உற்றுப் பார்க்க வேண்டும், 3 மாதத்தில் நகரும் பொருளைக் கண் பின்தொடர வேண்டும். 4 மாதத்துக்குப் பிறகும் கண் ஒருபக்கம் ஒதுங்கினால் 'போகப்போகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று, மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு. கண் சரியாக இருக்கும், கண் சொல்வதை மூளை பிரித்தறிவதில் சிக்கல் இருக்கும். பிறந்தபோது மூளை ஸ்கேனில் பாதிப்பு தெரிந்த குழந்தைகளுக்கு இதன் வாய்ப்பு அதிகம். அசையும் பொம்மையைப் பார்க்கும், அசையாததைப் பார்க்காது. தனியாக இருக்கும் பந்தை எடுக்கும், பொம்மைக் குவியலில் அதே பந்தைக் கண்டுபிடிக்காது. நடக்கப் பழகியபின் படியிலும் வாசல் விளிம்பிலும் தடுக்கி விழும். 'கவனமே இல்லை' என்று திட்டு வாங்கும். இப்படித் தெரிந்தால் கண் மருத்துவரோடு குழந்தை வளர்ச்சி நிபுணரையும் பார்க்க வேண்டும். கண்ணாடியால் இது தீராது, பயிற்சியும் வீட்டுச் சூழலை மாற்றுவதும்தான் உதவும்.

கண்ணாடி இப்போதேவா, கொஞ்சம் பொறுத்தா

சின்னப் பவருக்குப் பொறுக்கலாம். குழந்தையின் உலகம் கைக்கெட்டும் தூரம்தான், வளர வளரப் பவரும் மாறும். அமெரிக்கக் கண் மருத்துவர்களின் வழிகாட்டுதலில், இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை ஒரே அளவாக இருந்தால் ஒரு வயதுக்குள் மைனஸ் 5 முதல், ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் மைனஸ் 4 முதல், இரண்டிலிருந்து மூன்றுக்குள் மைனஸ் 3 முதல் கண்ணாடி கொடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் நிறைய வேறுபட்டால் கணக்கு மாறும், பொறுப்பதில் ஆபத்து கூடும். மங்கலான கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கிவிடும். 'இத்தனை சின்ன வயதில் கண்ணாடியா, ஊர் என்ன பேசும்' என்ற தயக்கத்தால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கண்ணுக்கு நட்டம்.

சோம்பேறிக் கண் வந்துவிட்டால் நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மறைப்பதா, அட்ரோபின் சொட்டு விட்டு மங்கலாக்குவதா என்று கேட்பார்கள். 3 முதல் 7 வயதுவரை உள்ள பிள்ளைகளில் மிதமான குறைபாட்டுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒட்டு என்றால் ஒரு நாளைக்கு 2 மணி நேரமே பெரும்பாலும் போதும். பிள்ளை ஒட்டைப் பிய்த்து எறிந்துகொண்டே இருந்தால் சொட்டுக்கு மாறுவதைப் பற்றிக் கேளுங்கள்.

சிகிச்சை பெற்ற கண்ணுக்கு, பள்ளி சேர்ந்த பிறகும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பார்க்க வேண்டும், வளர்ந்து பெரியவர் ஆன பிறகும். பதின்ம வயதிலும் அதற்குப் பின்னும் விழித்திரை கிழிவதும் பிரிவதும் இவர்களிடம் அதிகம், கண் அழுத்த நோயும் வரலாம். அதனால் எந்த மண்டலம், எந்தக் கட்டம், என்ன சிகிச்சை, எந்த மருந்து என்று எழுதிய தாளைப் பத்திரமாக வைத்து, பிள்ளை தானாக மருத்துவரைப் பார்க்கும் வயது வந்ததும் அதைக் கொடுத்து விளக்கிச் சொல்லுங்கள். கண் முன்னால் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தது போல இருந்தாலோ, அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.